மைல்ட் சுடருக்கு எந்த மாடல்? அடிலெய்டு ஹெச்எம்1: இடிசி, ஃபிளேம்லெட், பிடிஎஃப்

#1 இளந்தழல்

வணக்கம். முதுநிலை ஆய்வேட்டுக்காக அடிலெய்டு பல்கலைக்கழகப் பர்னரின் ஹெச்எம்1 என்ற மைல்ட் சுடரை (குறைந்த ஆக்சிஜன் உள்ள சூடான வாயுவில் எரியும் வகை) ஃபுளூயன்ட் என்ற ஓட்டக் கணிப்பு மென்பொருளில் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: மீத்தேன்-ஹைட்ரஜன் கலவை 4.25 மி.மீ. குழாய் வழியாக மேலே பாய்கிறது. அதைச் சுற்றி 82 மி.மீ. விட்டத்துக்கு 1300 கெல்வின் சூடான புகைவாயு கூடவே மேலே வருகிறது (இதுதான் கோஃப்ளோ). அதில் ஆக்சிஜன் நிறையளவில் வெறும் 3 சதவீதம். ஹெச்எம்2-ல் 6, ஹெச்எம்3-ல் 9. டாலி, கார்பெட்டிஸ், பார்லோ மூவரும் 2002-ல் வெளியிட்ட அளவீடுகள்.

என் அமைப்பு: இருபரிமாண அச்சுச்சமச்சீர் மெஷ், டர்புலன்ஸுக்கு (ஓட்டக் கொந்தளிப்பு) கே-எப்சிலான் மாடல் (முதல் எப்சிலான் மாறிலி 1.44-க்குப் பதில் 1.6), எரிதலுக்கு இடிசி (எடி டிஸிபேஷன் கான்செப்ட்) மாடல் அதன் இயல்பு மாறிலிகளோடு, வேதிவினைகளின் பட்டியலாக ஜிஆர்ஐ 3.0 மெக்கானிசம், கணக்கு வேகத்துக்கு ஐசாட் என்ற அட்டவணை முறை.

30 மி.மீ. உயரத்தில் வெப்பநிலை அழகாகப் பொருந்துகிறது. 60-ல் உச்சம் கொஞ்சம் தூக்கலாக இருக்கிறது. 120-ல் கணக்கு அளவீட்டை விட்டு எங்கேயோ போகிறது. கார்பன் மோனாக்சைடைப் பற்றிக் கேட்காதீர்கள். ஸ்டெடி ஃபிளேம்லெட்டும் (சுடரை மெல்லிய படலங்களாகக் கொண்டு, முன்பே போட்ட அட்டவணையிலிருந்து விடை எடுக்கும் மாடல்) போட்டுப் பார்த்தேன், அது 30-லேயே தவறுகிறது.

வழிகாட்டி "எந்த மாடல் சிறந்தது என்று ஒரு அட்டவணை போடு" என்கிறார். இணையத்தில் தேடினால் இடிசியின் நேர மாறிலியை 0.4082-லிருந்து 3-க்கு ஏற்று, சரியாகிவிடும் என்கிறார்கள். ஏற்றினால் உண்மையிலேயே 120-ல் இறங்குகிறது. ஆனால் அது ஏன் என்று என்னால் சொல்ல முடியவில்லை. வைவாவில் கேட்பார்கள். யாராவது விளக்க முடியுமா?

#2 கணக்கர்

தம்பி, மாடலுக்குப் போகும் முன் சில கேள்விகள். கோஃப்ளோவின் உள்நுழைவில் வெப்பநிலையையும் ஆக்சிஜனையும் ஒரே மதிப்பாகத் தட்டையாகக் கொடுத்தீர்களா, அல்லது 4 மி.மீ. உயரத்தில் அளந்த வரைவைக் கொடுத்தீர்களா? எரிவாயுக் குழாயின் வாயில் டர்புலன்ஸ் எவ்வளவு? ஹைட்ரஜனுக்குத் தனிப் பரவல் கெழு போட்டீர்களா, அல்லது எல்லாச் சேர்மங்களுக்கும் ஒன்றேதானா?

இதற்குப் பதில் வராமல் இடிசியைத் திட்டுவதில் பயனில்லை.

#3 சும்மாவந்தவன்

நடுவில் புகுந்ததற்கு மன்னிக்கவும், நான் சிவில். 3 சதவீத ஆக்சிஜனில் தீ எரியுமா? காற்றில் 21 (நிறையில் 23) இருக்கிறதே. அணைந்துபோகாதா? அப்படி ஏன் எரிக்க வேண்டும்?

#4 உலைக்காரன்

நல்ல கேள்விதான் தம்பி. குளிர்ந்த காற்றில் ஆக்சிஜனை அந்த அளவுக்குக் குறைத்தால் அணைந்துதான் போகும். ஆனால் சுற்றியிருக்கும் வாயு எரிபொருள் தானாகப் பற்றும் வெப்பநிலைக்கும் மேலே இருந்தால் தீப்பொறியும் தேவையில்லை, சுடரைப் பிடித்து வைக்கும் ஏற்பாடும் தேவையில்லை. கலக்கிற இடமெல்லாம் பற்றிக்கொள்ளும். ஆக்சிஜன் குறைவு என்பதால் வெப்பநிலை ஏறுவதும் கொஞ்சமாகவே இருக்கும். கவாலியேரேயும் டி ஜோவானனும் 2004-ல் மைல்ட் எரிதலுக்கு வகுத்த இலக்கணமே இதுதான்: உள்ளே வரும் கலவை தானாகப் பற்றும் வெப்பநிலையைத் தாண்டியிருக்க வேண்டும், எரிவதால் ஏறும் வெப்பநிலையோ அந்தப் பற்றும் வெப்பநிலையின் அளவைவிடக் குறைவாக இருக்க வேண்டும் (இரண்டும் கெல்வினில்).

இது ஆய்வகத்தில் யோசித்துப் பிறந்ததல்ல. 1989-ல் ஜெர்மனியில் வூனிங் ஆட்கள் ஒரு பர்னரைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். உலை 1000 டிகிரி செல்சியஸ், காற்று சுமார் 650 டிகிரிக்கு முன்சூடாக்கப்பட்டிருந்தது. திடீரென்று சுடரே கண்ணுக்குத் தெரியவில்லை, புற ஊதா உணர்வியிலும் சமிக்ஞை இல்லை. அணைந்துவிட்டது என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் எரிபொருள் முழுக்க எரிந்துகொண்டிருந்தது, புகையில் கார்பன் மோனாக்சைடு பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் கீழே. நைட்ரஜன் ஆக்சைடும் கிட்டத்தட்ட இல்லை. அதைத்தான் ஃபிளேம்லெஸ் ஆக்சிடேஷன், சுருக்கமாக ஃபிளாக்ஸ், என்று பெயரிட்டார்கள். ஜப்பானில் ரீஜெனரேட்டிவ் பர்னர்கள் (புகையின் வெப்பத்தைச் சேமித்துக் காற்றுக்குக் கொடுப்பவை) வழியாக இதே இடத்துக்கு வேறு பாதையில் வந்தார்கள்.

ஏன் எரிக்க வேண்டும் என்றால், எங்கள் தொழிலில் பதில் எளிது. புகையின் வெப்பத்தை எடுத்துக் காற்றை 1000 டிகிரிக்குச் சூடாக்கினால் எரிவாயு மிச்சம். ஆனால் சாதாரண பர்னரில் அப்படிச் செய்தால் சுடர் உச்சம் எகிறி நாக்ஸ் (நைட்ரஜன் ஆக்சைடுகள்) கொட்டும். காற்றை வேகமாக உள்ளே விட்டு, உலையிலிருக்கும் எரிந்த வாயுவை அதோடு இழுத்துக் கலந்து, ஆக்சிஜனைத் தணித்த பிறகு எரிபொருளைச் சந்திக்க விட்டால் இரண்டு பலனும் கிடைக்கும். ரீஹீட்டிங் ஃபர்னஸில் பில்லட் (எஃகுக் கட்டி) சீராகச் சூடேறுவது கூடுதல் லாபம்.

#5 சும்மாவந்தவன்

அப்படியென்றால் சுடரே இல்லாத தீ. அருமை. ஓரமாக உட்கார்ந்து படிக்கிறேன்.

#6 பச்சைஒளி

நான் சோதனைப் பக்கம். லேசர் வைத்து அளக்கிறவள் கண்ணில் இந்தச் சுடர் எப்படித் தெரிகிறது என்று சொல்கிறேன், மாடல்காரர்கள் கோபிக்க வேண்டாம்.

அடிலெய்டு பர்னரில் அந்தச் சூடான கோஃப்ளோ எப்படிக் கிடைக்கிறது? உள்ளே இன்னொரு பர்னர் இருக்கிறது. அதன் எரிந்த வாயுவோடு நைட்ரஜனும் காற்றும் கலந்துதான் 3 சதவீத ஆக்சிஜனுக்குக் கொண்டுவருகிறார்கள். எனவே 1300 கெல்வின் என்பது ஒரு பெயரளவு மதிப்பு. நடுவில் எரிவாயுக் குழாயை ஒட்டியும் வெளிச்சுவரை ஒட்டியும் வெப்பநிலை குறைகிறது, ஆக்சிஜனும் எல்லா ஆரத்திலும் ஒன்றல்ல. தட்டையாக ஒரு எண்ணைக் கொடுத்தால், நீங்கள் கணக்கிடுவது அந்தச் சுடரையே அல்ல.

அடுத்தது, வெளியே காற்றுச்சுரங்கத்திலிருந்து அறைக்காற்று 3.2 மீட்டர்/வினாடி வேகத்தில் வருகிறது. ஏறத்தாழ 100 மி.மீ. உயரம் வரை கோஃப்ளோ கவசம் போல நிற்கும். அதற்கு மேல் குளிர்ந்த, 23 சதவீத ஆக்சிஜன் உள்ள காற்று உள்ளே நுழைந்துவிடும். ஆக 120 மி.மீ.-ல் நீங்கள் பார்ப்பது மைல்ட் சுடர் அல்ல. மூன்று ஓட்டங்கள் கலந்த, அங்கங்கே அணைந்து மறுபடி பற்றக்கூடிய ஒரு கலவை. மெட்வெல் குழு பின்னாளில் ஹைட்ராக்சில், ஃபார்மால்டிஹைடு (இரண்டும் எரிதலின் நடுவே தோன்றி மறைபவை), வெப்பநிலை மூன்றையும் ஒரே நேரத்தில் படமெடுத்தபோது ஹைட்ராக்சில் படலம் அங்கங்கே மெலிந்து பலவீனப்படுவது தெரிந்தது. சராசரி மட்டும் கணக்கிடும் மாடலுக்கு இது தெரியவே தெரியாது.

இன்னொன்று. ஹெச்எம் தொடரில் வெப்பநிலையும் சேர்மங்களும் அருமையாக உள்ளன. வேக அளவீடு இல்லை. எனவே உங்கள் ஜெட் சரியாக விரிகிறதா என்று நேரடியாகச் சோதிக்க வழியில்லை, கலவைப் பின்னத்தை (ஒரு இடத்து வாயுவில் எரிபொருள் குழாயிலிருந்து வந்த பங்கு) வைத்து மறைமுகமாகத்தான் பார்க்க வேண்டும். வேகம் வேண்டுமென்றால் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பர்னருக்குப் போக வேண்டும், அங்கே லேசர் டாப்ளர் முறையில் அளந்த வேகமும் கார்ஸ் என்ற லேசர் முறையில் அளந்த வெப்பநிலையும் உண்டு. சேர்மங்களுக்கு அடிலெய்டு, வேகத்துக்கு டெல்ஃப்ட். இரண்டையும் ஒரே பர்னரில் யாராவது தந்திருந்தால் இந்த இழையில் பாதிக்கு வேலையிருக்காது.

#7 இளந்தழல்

> கோஃப்ளோவைத் தட்டையாகக் கொடுத்தீர்களா

ஆமாம் சார், தட்டையாகத்தான். பெரும்பாலான கட்டுரைகளிலும் அப்படித்தான் இருந்தது. டர்புலன்ஸ் 10 சதவீதம் என்று போட்டேன். பரவல் கெழு எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்.

பச்சைஒளி அக்கா சொன்ன மூன்று ஓட்டங்கள் என்ற விஷயம், ஃபிளேம்லெட் தவறியதற்கும் அதுதானா காரணம்?

#8 கணக்கர்

பாதிக் காரணம் அது. வழக்கமான ஃபிளேம்லெட் ஒரே ஒரு கலவைப் பின்னத்தை நம்பியிருக்கிறது: 1 என்றால் எரிபொருள், 0 என்றால் ஆக்சிஜன் பக்கம். உங்கள் சுடரில் ஆக்சிஜன் பக்கம் இரண்டு. 3 சதவீதம் உள்ள சூடான வாயு, 23 சதவீதம் உள்ள குளிர்காற்று. இரண்டுக்கும் ஒரே பூஜ்யம் கொடுத்தால் அட்டவணை பொய் சொல்லும். இமேயும் சீயும் 2011-ல் எல்இஎஸ்-ல் (பெரிய சுழிகளை நேரடியாகக் கணக்கிடும் முறை) மூன்று ஓட்டங்களுக்கும் சேர்த்துக் கூடுதல் மாறி ஒன்றை வைத்து, முன்னேற்ற மாறியையும் (எரிதல் எவ்வளவு முடிந்தது என்பதன் அளவு) சேர்த்து இதே ஹெச்எம் சுடர்களைக் கணக்கிட்டார்கள்; நன்றாகவே வந்தது. ஃபிளேம்லெட் என்ற கருத்தே இங்கே செல்லாது என்று யாராவது சொன்னால் அந்த வேலையைக் காட்டுங்கள். செல்லாதது, ஸ்டெடி ஃபிளேம்லெட்டும் ஒற்றைப் பின்னமும்தான். தானாகப் பற்றுவதற்கு நேரம் பிடிக்கும். ஸ்டெடி அட்டவணைக்கு நேரம் என்ற ஒன்றே தெரியாது. கலந்த கணத்திலேயே எரிந்துவிட்டது என்று சொல்லிவிடும்.

இப்போது இடிசி. மேக்னுசென் கட்டிய மாடல் இது. கருத்து என்னவென்றால், பெரிய சுழிகள் சிறிய சுழிகளாக உடைந்துகொண்டே போய், கடைசியில் கோல்மகரோவ் அளவு (மிகச் சிறிய சுழிகளின் அளவு) நுண்கட்டமைப்புகளில் மட்டும் எரிதல் நடக்கிறது. ஒவ்வொரு நுண்கட்டமைப்பும் நன்கு கலந்த சிறு உலை. அதன் பங்கு எவ்வளவு என்பதை 2.1377 என்ற மாறிலியும், வாயு அதற்குள் எவ்வளவு நேரம் தங்குகிறது என்பதை 0.4082 என்ற மாறிலியும் தீர்மானிக்கின்றன. தங்கும் நேரம் என்றால் கோல்மகரோவ் நேரத்தின் 0.4082 மடங்கு.

இதெல்லாம் எதை நம்பியிருக்கிறது? டர்புலன்ஸ் மிக வலுவாக இருக்க வேண்டும், வேதியியல் மிக வேகமாக இருக்க வேண்டும். மைல்ட்-ல் இரண்டுமே இல்லை. ஆக்சிஜன் குறைவால் வினை மெதுவாகிறது, டாம்கோலர் எண் 1-ஐ ஒட்டி வந்துவிடுகிறது, அதாவது கலக்கும் நேரமும் வினை நடக்கும் நேரமும் கிட்டத்தட்ட சமம். ஜெட்டைச் சுற்றி வாயு சூடாக இருப்பதால் பாகுநிலை ஏறி உள்ளூர் ரெனால்ட்ஸ் எண்ணும் (டர்புலன்ஸின் வலுவைக் காட்டும் எண்) விழுகிறது. நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்: நுண்கட்டமைப்பின் பங்கு என்பது 2.1377-ஐ டர்புலன்ஸ் ரெனால்ட்ஸ் எண்ணின் நான்காம் மூலத்தால் வகுத்தது. அந்த எண் சுமார் 21-க்குக் கீழே போனால் பங்கு 1-ஐத் தாண்டிவிடும். பொருளே இல்லாத விடை. பெரும்பாலான நிரல்கள் அங்கே சத்தமில்லாமல் வெட்டி நிறுத்தும். உங்கள் தீர்வில் எந்தெந்த செல்லில் அப்படி நடக்கிறது என்று ஒரு வரைபடம் எடுத்துப் பாருங்கள். கோஃப்ளோவின் பாதி அதில் இருந்தால் ஆச்சரியப்பட மாட்டேன்.

நேர மாறிலியை ஏற்றினால் ஏன் 120-ல் இறங்குகிறது என்றால், சராசரி வினைவேகம் தங்கும் நேரத்துக்குத் தலைகீழாகப் போகிறது. நேரத்தை ஏற்றினால் நுண்கட்டமைப்புக்குள் வினை இன்னும் முழுமையாக நடக்கும், ஆனால் சுற்றுப்புறத்தோடு பரிமாற்றம் மந்தமாகும். மொத்தத்தில் சுடர் தணிகிறது. இயற்பியல் விளக்கம் அவ்வளவுதான். அந்த எண் 3-ஆகத்தான் இருக்க வேண்டும் என்பதற்கு இதில் எந்தக் காரணமும் இல்லை.

ஓப்பன்ஃபோம் என்ற இலவச மென்பொருளில் ஓட்டுகிறவர்கள் கவனிக்க: அதில் இடிசிக்கே நான்கு பதிப்புகள் உண்டு, 1981, 1996, 2005, 2016. சூத்திரத்தின் அடுக்குகள் வேறு வேறு. "இடிசி போட்டேன்" என்று மட்டும் எழுதினால் போதாது.

#9 தீக்குச்சி

இந்தப் புனிதப் பேச்சு எனக்கு எப்போதுமே புரிவதில்லை. மாறிலியைத் திருகினால் என்ன தப்பு? கே-எப்சிலானில் இருக்கும் ஐந்து எண்ணும் வானத்திலிருந்தா விழுந்தன? அவரே 1.44-ஐ 1.6 ஆக்கித்தான் ஆரம்பித்திருக்கிறார், அதற்கு யாரும் மூச்சு விடவில்லை. 3 போட்டால் பொருந்துகிறது. போடு, அடுத்த வேலையைப் பார். டெல்ஃப்ட் சுடரைக் கணக்கிட்ட டே, ரூகார்ட்ஸ் குழு 2011-ல் அதைத்தான் செய்தது.

#10 பச்சைஒளி

தீக்குச்சி, அந்த இரண்டு திருகலும் ஒன்றல்ல.

1.6 என்பது தீயே இல்லாத வட்ட ஜெட்டிலிருந்து வருகிறது. வழக்கமான கே-எப்சிலான் வட்ட ஜெட்டை அதிகமாக விரியவைக்கும். விரிவு வீதம் அளவீட்டில் 0.09-ஐ ஒட்டியிருக்க, மாடல் 0.12 என்கும். அது வேறு சோதனைகளில் தனியாகத் தெரிந்த நோய், அதற்குத் தனியாகத் தெரிந்த மருந்து. நேர மாறிலியோ எந்தச் சுடரில் திருகினார்களோ அதே சுடரில்தான் மதிப்பெண்ணும் போடுகிறார்கள்.

அது எவ்வளவு தடுமாறுகிறது பாருங்கள். அமினியன் குழு ஹெச்எம்1-க்கு 1.5 என்றது. டெல்ஃப்ட்டில் 3. இவான்ஸ், மெட்வெல், தியான் 2015-ல் நேர மாறிலியை 3 ஆக்கி, மற்ற மாறிலியை 2.1377-லிருந்து 1-க்கு இறக்கினார்கள். மூன்றுமே அவரவர் சுடரில் முன்னேற்றம்தான். ஆனால் நாளைக்கு யாரும் அளக்காத ஒரு பர்னரைக் கொண்டுவந்து வைத்தால் எந்த எண்ணைப் போடுவீர்கள்?

இந்தத் தடுமாற்றத்துக்கு நேர்மையான பதில் பாரென்டே, மாலிக், கோன்டினோ, குவோச்சி, டாலி ஐவரும் 2016-ல் வெளியிட்டது. மாறிலிகளை மாறிலியாகவே வைக்காமல், ஒவ்வொரு செல்லிலும் உள்ள டர்புலன்ஸ் ரெனால்ட்ஸ் எண்ணும் டாம்கோலர் எண்ணும் தீர்மானிக்கும்படி எழுதினார்கள். ஓப்பன்ஃபோமின் 2016 பதிப்பு அதுதான். அதிலும் "வேதியியல் நேரம் எது" என்று ஒரு முடிவு எடுக்கத்தான் வேண்டும். மீத்தேன் கரையும் நேரமா, கார்பன் மோனாக்சைடு எரியும் நேரமா? அங்கே மறுபடியும் கை வைக்க இடம் இருக்கிறது. இருந்தாலும் குறைந்தபட்சம் திருகியது எது என்று வெளியே தெரிகிறது.

எல்லை நிபந்தனை பற்றி இன்னொன்று. பெர்க்லியில் கப்ரா செய்த ஹைட்ரஜன் சுடரில் கோஃப்ளோ 1045 கெல்வின். அளவீட்டின் துல்லியம் 3 சதவீதம், அதாவது 30 கெல்வின் இப்படியோ அப்படியோ. கணக்கில் வெறும் 10 கெல்வின் மாற்றினாலே சுடர் எழும்பி நிற்கும் உயரம் பெரிதாக மாறிவிடுகிறது. ஆக எந்த மாடலை எடுத்தாலும் கோஃப்ளோவை அளவீட்டுப் பிழைக்குள்ளேயே நகர்த்தி அதைப் "பொருந்த" வைக்கலாம். அந்தச் சுடரில் உயரம் பொருந்தியது என்று மட்டும் சொல்லி ஒரு மாடலுக்குப் பரிசு கொடுப்பதில் அர்த்தம் இல்லை.

டெல்ஃப்ட்டில் ஓல்டன்ஹோஃப் கண்டது எனக்கு மிகவும் பிடித்தது. சாதாரண ஜெட் சுடரில் வேகத்தைக் கூட்டினால் சுடர் மேலே எழும்பும். அங்கே முதலில் கீழே இறங்கியது! கோஃப்ளோ நடுவில் சற்றுக் குளிர்ச்சி, வெளியே போகப்போகச் சூடு. ஜெட் வேகமானால் அதிகமாக உள்ளே இழுக்கும், இன்னும் சூடான வாயு சீக்கிரம் வந்து சேரும், சீக்கிரம் பற்றும். கோஃப்ளோவைத் தட்டையாகக் கொடுத்த சிமுலேஷன் இந்தப் போக்கைக் காட்டவே முடியாது. உள்ளே உலகத்திலேயே சிறந்த எரிதல் மாடலை வைத்தாலும் முடியாது.

#11 தீக்குச்சி

சரி, கடைசிப் பத்தி நன்றாக இருக்கிறது. ஆனாலும் எனக்கு டெட்லைன் இருக்கும்போது 3 தான் போடுவேன்.

#12 உலைக்காரன்

நீங்கள் எல்லோரும் 4 மி.மீ. குழாயைப் பற்றிப் பேசுகிறீர்கள். உலைக்கு வந்தால் கதை மாறும்.

நெதர்லாந்தில் ஐஎஃப்ஆர்எஃப் (சர்வதேசச் சுடர் ஆராய்ச்சி அமைப்பு) ஆய்வு உலையில் 0.58 மெகாவாட் இயற்கை எரிவாயுவை 1300 டிகிரி செல்சியஸ் காற்றில் எரித்து வெபர், மான்சினி ஆட்கள் உள்ளே குழாய் விட்டு அளந்தார்கள். பிறகு வெவ்வேறு எரிதல் மாடல்களை ஒப்பிட்டார்கள். உலையின் பெரும்பகுதியில் எல்லா மாடலும் கிட்டத்தட்ட ஒரே விடை, அதுவும் சரியான விடை. சுவர் வெப்பம், வெளியே போகும் புகை, எல்லாம் பொருந்தின. தவறியது ஒரே இடத்தில்: பலவீனமான எரிவாயு ஜெட்டுக்குள். அங்கேயும் அவர்கள் பழி போட்டது வேதியியல் மீதல்ல, ஜெட் சுற்றுவாயுவை உள்ளிழுப்பதை டர்புலன்ஸ் மாடல் தவறாகக் கணித்ததன் மீதுதான்.

அனுபவத்திலும் அப்படித்தான். ஒருமுறை ஒரு ஆலோசனை நிறுவனம் எங்கள் உலைக்கு வண்ணப் படங்களோடு அறிக்கை கொடுத்தது. எரிதல் மாடலைப் பற்றி இருபது பக்கம். ஆனால் காற்று முனைகளின் கோணத்தை வரைபடத்திலிருந்து எடுத்திருந்தார்கள், உலையில் இருந்த கோணம் வேறு. சுழற்சி எந்தப் பக்கம் போகிறது என்பதே தலைகீழ்.

எனவே இளந்தழல் தம்பிக்கு என் கருத்து: யார் எதற்காகக் கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் மாடல். வெப்பப் பகிர்வு வேண்டும் என்றால் கதிர்வீச்சை ஒழுங்காகப் போட்டாலே பாதி வேலை முடிந்தது. எங்கே பற்றுகிறது, கார்பன் மோனாக்சைடு எவ்வளவு மிஞ்சுகிறது என்று கேட்டால்தான் மற்றவர்கள் சொல்லும் சண்டையெல்லாம் வரும்.

#13 சும்மாவந்தவன்

கோணம் தலைகீழ்! எங்கள் தொழிலிலும் இதே கதைதான் சார்.

#14 இளந்தழல்

4 மி.மீ. அளவீட்டு வரைவை உள்நுழைவாகக் கொடுத்து, ஹைட்ரஜனுக்குத் தனிப் பரவலும் போட்டு, இடிசி இயல்பு மாறிலிகளோடு மறுபடி ஓட்டினேன். 60 மி.மீ. உச்சம் தெளிவாக இறங்கியது. ஜெட்டை ஒட்டிய பகுதியில் நீராவியும் இப்போது சரியான பக்கத்தில் ஏறுகிறது. 120 இன்னும் தூக்கலாகத்தான் இருக்கிறது, முன்பைவிடக் குறைவு.

குழாய் வாயின் டர்புலன்ஸை மாற்றிப் பார்த்தபோது பயமாக இருக்கிறது. அந்த ஒரு எண் மட்டுமே, ஒரு மாடலிலிருந்து இன்னொரு மாடலுக்கு மாறும் அளவுக்குக் கோட்டை நகர்த்துகிறது. இதை வைத்துக்கொண்டு எப்படி மாடல்களை ஒப்பிடுவது?

#15 கணக்கர்

இப்போதுதான் சரியான கேள்விக்கு வந்திருக்கிறீர்கள்.

வெப்பநிலையை ஆரத்துக்கு எதிராக மட்டும் வரையாதீர்கள். அந்தப் படத்தில் கலவைப் பிழையும் வேதியியல் பிழையும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும், ஒன்றை ஒன்று மறைக்கவும் செய்யும். முதலில் கலவைப் பின்னத்தை ஆரத்துக்கு எதிராக வரையுங்கள். அது அளவீட்டோடு பொருந்தும் வரை எரிதல் மாடலைத் தொடவே வேண்டாம். குழாய் டர்புலன்ஸ், 1.6 எல்லாம் அங்கேதான் முடிவாக வேண்டும். குழாய்க்குள் நல்ல நீளத்தைச் சேர்த்துக் கணக்கிட்டால் வாயிலில் 10 சதவீதம் என்று ஊகிக்கும் வேலையே இல்லை.

அது பொருந்திய பிறகு வெப்பநிலை, கார்பன் மோனாக்சைடு, ஹைட்ராக்சில் மூன்றையும் கலவைப் பின்னத்துக்கு எதிராக வரையுங்கள். இப்போது மிஞ்சும் வித்தியாசம்தான் எரிதல் மாடலுடையது. ஹெச்எம் தரவில் ஒவ்வொரு லேசர் துடிப்பிலும் தனித்தனியாக எடுத்த அளவீடுகள் இருப்பதால் இதைச் செய்ய முடியும். ஃபாவ்ரே சராசரியா (அடர்த்தியால் எடையிட்டது), ரெனால்ட்ஸ் சராசரியா (சாதாரணச் சராசரி) என்பதையும் சரிபாருங்கள். உங்கள் கணக்கு தருவது முன்னது. அடர்த்தி இவ்வளவு மாறும் சுடரில் இரண்டும் ஒன்றல்ல.

அட்டவணை போட்டே ஆக வேண்டும் என்றால், வெப்பநிலைக்கு ஒரு நிரல் போதும். ஹெச்எம்1-ல் கோஃப்ளோவே 1300 கெல்வின்; அதற்கு மேல் ஏறுவது கொஞ்சம்தான். 1300-ஐ உள்ளே கொடுத்துவிட்டு 1300-ஐ ஒட்டி விடை வந்தது என்று மகிழ்வது பெரிய சாதனை அல்ல. மாடலின் சாயம் வெளுப்பது கார்பன் மோனாக்சைடிலும் ஹைட்ராக்சிலிலும்தான். கிறிஸ்டோவும் டாலியும் 2005-ல் இதே சுடர்களில் மாடல்களை ஒப்பிட்டபோது, விரிவான மெக்கானிசத்தோடு இடிசி மற்றவற்றை முந்தியது; ஆனால் ஆக்சிஜன் குறையக் குறைய அதன் தரமும் குறைந்தது. எனவே மூன்று சுடர்களையும் ஓட்டுங்கள். 9-லிருந்து 3-க்கு வரும்போது பிழை எப்படி வளர்கிறது என்ற போக்கு, ஒற்றைச் சுடரில் கிடைக்கும் பொருத்தத்தைவிட அதிகம் சொல்லும்.

பிடிஎஃப் (நிகழ்தகவுப் பரவல்) போக்குவரத்து மாடலைச் சேர்ப்பீர்களா? அதன் அழகு, வினைவேகச் சராசரியை மாடல் செய்யவே தேவையில்லை, அது நேரடியாக வருகிறது. ஊகம் எல்லாம் நுண்கலப்புக்கு இடம் மாறுகிறது: ஐஇஎம், கர்ல், இஎம்எஸ்டி என்று மூன்று வழிகள், கூடவே 2 என்று வைக்கும் ஒரு மாறிலி. தானாகப் பற்றும் சுடரில் இந்தத் தேர்வு எழும்பும் உயரத்தை மாற்றும். கான்பூர் ஐஐடியில் அசோக் டே குழு டெல்ஃப்ட், அடிலெய்டு சுடர்களுக்கு இந்த வகை மாடல்களைப் போட்டு ஒப்பிட்டிருக்கிறது, தேடிப் படியுங்கள். கணினி நேரம் இடிசியைவிட நிறையப் பிடிக்கும், சேர்மங்கள் 53 உள்ள ஜிஆர்ஐ 3.0 இருந்தால் இன்னும் மோசம். டிஆர்எம்-19 மாதிரி சுருக்கிய மெக்கானிசம் ஒன்றை எடுங்கள்.

எல்இஎஸ் வேண்டாம். உங்கள் ஆய்வேட்டுக் காலத்துக்குள் உள்நுழைவு ஏற்ற இறக்கங்களைச் சரியாகக் கொடுக்கவே நேரம் போதாது. இமே குழு 2012-ல் கோஃப்ளோவின் சீரின்மையையும் ஏற்ற இறக்கத்தையும் மறுபடி உருவாக்கவே தனியாக உழைத்தது.

#16 தீக்குச்சி

> மாடலின் சாயம் வெளுப்பது

இதை ஒப்புக்கொள்கிறேன். ஒரு சந்தேகம். நேரடிக் கணக்கு, டிஎன்எஸ், இருக்கும்போது இந்தச் சண்டை எதற்கு? சுடர் மெல்லிய படலமா, பரவிய மண்டலமா என்று அதில் பார்த்துவிடலாமே.

#17 பச்சைஒளி

பார்த்திருக்கிறார்கள். கேம்பிரிட்ஜில் மினாமோட்டோவும் சுவாமிநாதனும் மைல்ட் கலவைக்கு முப்பரிமாண டிஎன்எஸ் செய்தார்கள். விடை இரு பக்கத்துக்கும் பாதி பாதி: மெல்லிய வினைப் படலங்கள் இருக்கின்றன, ஆனால் அவை நெளிந்து ஒன்றோடொன்று மோதிச் சேர்ந்து இடத்தையே நிரப்பிவிடுகின்றன. வெப்பநிலைப் படத்தைப் பார்த்தால் பரவிய மண்டலம் போலத் தெரியும், வினைவேகப் படத்தைப் பார்த்தால் படலங்கள் தெரியும். "ஃபிளேம்லெட் செத்துவிட்டது" என்பவரும் "செல்லும்" என்பவரும் அதே வேலையைத்தான் மேற்கோள் காட்டுகிறார்கள். ஆனால் அது சிறு பெட்டி. முழு பர்னர் அல்ல.

#18 இளந்தழல்

கலவைப் பின்ன வரைபடம் எடுத்தேன். 30, 60-ல் குழாயை நீட்டிய பிறகு நன்றாகப் படிகிறது. அதே மெஷ்ஷில் இயல்பு இடிசி, 2016 இடிசி இரண்டையும் கலவைப் பின்னத்துக்கு எதிராக வரைந்தேன். வெப்பநிலையில் இரண்டும் ஏறக்குறைய ஒட்டியே போகின்றன, ஹைட்ராக்சிலில் நன்றாகப் பிரிகின்றன. 120-ஐத் தனிப் பகுதியாக, "வெளிக்காற்று நுழையும் மண்டலம்" என்று பிரித்து எழுதப் போகிறேன். நேர மாறிலி 3-ஐயும் ஒரு நிரலாகச் சேர்க்கிறேன், தீக்குச்சி அண்ணனுக்காக.

வழிகாட்டி இப்போது நைட்ரிக் ஆக்சைடும் வேண்டும் என்கிறார். பின்செயலியில் வெப்பவழியை மட்டும் டிக் செய்தால் போதுமா?

#19 உலைக்காரன்

போதாது தம்பி. வெப்பவழியின் முதல் படி நைட்ரஜன் மூலக்கூறை ஆக்சிஜன் அணு உடைப்பது; அதற்கு மோலுக்கு 320 கிலோஜூல் அளவுக்கு ஆற்றல் தடை. 1800 கெல்வினுக்குக் கீழே அது தூங்கிவிடும். ஹெச்எம்1 மாதிரி இடத்தில் மிஞ்சுவது நைட்ரஸ் ஆக்சைடு வழி, என்என்ஹெச் வழி (நைட்ரஜனோடு ஹைட்ரஜன் அணு சேர்ந்த இடைச்சேர்மம் மூலம்), ப்ராம்ப்ட் வழி (எரிபொருளின் துணுக்குகள் நைட்ரஜனைத் தாக்குவது). ஹைட்ரஜன் நிறைய உள்ள எரிபொருள் என்பதால் என்என்ஹெச்சை விடக் கூடாது. எங்கள் பெரிய உலைகளில் வெப்பநிலையும் அதிகம், தங்கும் நேரமும் அதிகம், அதனால் வெப்பவழி மறுபடி முன்னால் வந்துவிடும். உலைக் கட்டுரையைப் பார்த்து உங்கள் சுடருக்கு முடிவெடுக்காதீர்கள்.

#20 கணக்கர்

ஜிஆர்ஐ 3.0-ல் அந்த வழிகள் உள்ளேயே இருப்பதால் நேரடியாகவே கணக்கிடலாம். கவனிக்க இரண்டு. 3.0 பதிப்பு ப்ராம்ப்ட் வழியை மிகைப்படுத்தும், பழைய 2.11 அந்த விஷயத்தில் சாண்டியா ஆய்வகத்தின் சோதனைச் சுடர்களுக்கு நன்றாகப் பொருந்தியது, இரண்டையும் ஓட்டுங்கள். அடுத்து, கோஃப்ளோ எரிந்த வாயு என்பதால் நைட்ரிக் ஆக்சைடு அதிலேயே கொஞ்சம் வருகிறது. 4 மி.மீ. அளவீட்டிலிருந்து அதையும் உள்நுழைவாகக் கொடுங்கள். பூஜ்யம் என்று வைத்தால் வழிகளை எவ்வளவு நுணுக்கமாகச் சேர்த்தாலும் கோடு கீழேயே கிடக்கும்.

மெஷ் கோப்பைப் பகிர முடிந்தால் பகிருங்கள். 2005 பதிப்பையும் பாரென்டே பதிப்பையும் ஓப்பன்ஃபோமில் அதே மெஷ்ஷில் ஓட்டி, உங்கள் ஹைட்ராக்சில் கோடுகளோடு வைத்துப் பார்க்கிறேன்.